கரண்டி பிடித்தவர்களின் கணக்கு

1790களில் மியூனிக் நகரத்தில், ஏழைகளுக்காக நடந்த ஒரு பெரிய சமையல்கூடத்தின் மூலையில் ஓர் அறையை ஒதுக்கி, அதற்குள் வைத்து யார் கண்ணிலும் படாமல் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். திருட்டுப் பொருள் எல்லாம் இல்லை, சாதாரண உருளைக்கிழங்குதான். ஆனால் அன்றைக்கு பவேரியாவில் அதை மனிதர் தின்னும் பண்டமாகவே பல பேர் மதிக்கவில்லை, பிச்சை எடுத்துப் பிழைத்தவர்கள்கூட. அதனால் கிழங்கின் உருவமும் தெரியக் கூடாது, நறநறப்பும் தெரியக் கூடாது என்று கூழாகக் குழைய விட்டு, அப்புறம் சூப்பில் கரைத்து ஊற்றினார்கள். சூப் முன்னைவிட நன்றாக இருக்கிறதே என்று சாப்பிட்டவர்களே சொல்ல ஆரம்பித்த பிறகுதான் ரகசியம் வெளியே வந்தது.

இந்தத் தந்திரத்தைப் பெருமையோடு எழுதி வைத்தவர் ரம்ஃபோர்ட் பிரபு. மலிவாக, சத்தாக, ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் சோறு போடுவது எப்படி என்ற கேள்வியை ஓர் அறிவியல் கேள்வியாக எடுத்துக்கொண்ட முதல் ஆட்களில் ஒருவர். அதற்கு முன்னால் தர்மம் இருந்தது, மடங்கள் இருந்தன, பஞ்ச காலத்தில் அரண்மனை வாசலில் கஞ்சி ஊற்றுவது இருந்தது. ஒரு கிண்ணத்துக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு விறகு, எத்தனை சமையல்காரிகள் என்று தராசு வைத்து எழுதிப் பதிப்பித்து, ஐரோப்பா முழுக்க அதைக் காப்பியடிக்க வைத்தது இவர்தான். அன்றிலிருந்து இன்று வரை, இந்த வரலாற்றில் வருகிற ஒவ்வொரு புத்திசாலியும் ஏறக்குறைய இவருடைய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்: எவ்வளவு குறைவாகப் போட்டால் போதும்? கரண்டி பிடித்திருப்பவர் கேட்கிற கேள்வி அது. கிண்ணம் ஏந்தி நிற்பவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டவர்களைத் தேடினால் இருநூறு வருசத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆள் கொஞ்சம் விவகாரமானவர். இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன், 1753இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர், அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டன் பக்கம் நின்று உளவு சொன்னவர், பிறகு ஐரோப்பாவுக்குப் போய் பவேரிய ஆட்சியாளரிடம் வேலைக்குச் சேர்ந்து பிரபு பட்டம் வரை வாங்கியவர். 1790 ஜனவரி 1 அன்று மியூனிக் தெருக்களில் படைவீரர்களை நிறுத்தி, கண்ணில் பட்ட பிச்சைக்காரர்களை எல்லாம் பிடிக்கச் சொன்னார். முதல் ஆளைத் தானே தோளில் கை வைத்துக் கைது செய்தார். பிடித்தவர்களைத் தொழில்கூடத்தில் சேர்த்து, படைக்குச் சீருடை நெய்யவும் தைக்கவும் வைத்தார். அங்கே மத்தியானம் போட்ட சாப்பாடுதான் பின்னாளில் ‘ரம்ஃபோர்ட் சூப்’ என்று பேர் வாங்கியது.

பார்லி, பட்டாணி, பிறகு சேர்ந்த உருளைக்கிழங்கு, ரொட்டித் துண்டுகள், உப்பு, புளித்துப்போன பியரிலிருந்து எடுத்த வினிகர், தண்ணீர். இவ்வளவுதான். இறைச்சி கிடையாது. ஓர் ஆளுக்கு ஊற்றியது சுமார் 20 அவுன்ஸ், அதாவது அரை லிட்டரைத் தாண்டிக் கொஞ்சம். அதில் திடப்பொருள் 6 அவுன்சுக்கும் குறைவு. நூற்றைம்பது கிராம் தானியமும் பருப்பும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஐந்நூறு கலோரிக்குப் பக்கத்தில்தான் வரும். உழைக்கிற ஆளுக்கு ஒரு நாளில் வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் சாப்பிட்டவர்களுக்கு வயிறு நிறைந்தது, முகம் தெளிந்தது என்று ரம்ஃபோர்ட் எழுதுகிறார். இவ்வளவு குறைவான பொருளில் எப்படி இது நடக்கிறது என்று அவருக்கே ஆச்சரியம்.

அதற்கு அவர் கண்டுபிடித்த விடைதான் வேடிக்கை. தண்ணீரே உணவாகிறது என்றார். தண்ணீர் ஒரு தனிப்பொருள் அன்று, இரண்டு வாயுக்களின் சேர்க்கை என்று அப்போதுதான் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே காட்டியிருந்தார். செடிகள் தண்ணீரைச் சாப்பிட்டு வளர்கின்றன என்றால், சரியாகச் சமைத்த தண்ணீர் மனிதனையும் வளர்க்காதா என்பது ரம்ஃபோர்டின் வாதம். முழுத் தவறு. (பின்னாளில் அதே லவாய்சியேயின் விதவையைத்தான் இவர் மணந்தார். அந்தக் கல்யாணமும் சரிப்படவில்லை. ஒரு சண்டையில் அந்த அம்மா இவர் ஆசையாக வளர்த்த பூச்செடிகள் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டாராம். தண்ணீரால் செடி வளரும் என்ற கொள்கைக்கு அப்படி ஒரு பதில்.)

கொள்கை தப்பு, ஆனால் கைவேலை சரி. பார்லியை மணிக்கணக்கில் சிறு தீயில் வேகவிட்டால் அதன் மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கெட்டியாகிவிடும். அதே அளவு தானியத்தை ரொட்டியாகச் சுட்டுத் தின்பதைவிட, கெட்டிக் கூழாகக் குடித்தால் பசி அடங்கின மாதிரி இருக்கும். இன்னொன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. காய்ந்த ரொட்டித் துண்டுகளைக் கடைசி நேரத்தில்தான் போட வேண்டும், ஊற விடக் கூடாது, மென்று தின்ன வேண்டும்; மெல்லும் நேரம் நீளும்போது சாப்பாட்டின் சுகமும் நீளுகிறது என்று எழுதுகிறார். ஏழைக்கு உணவில் சுகமும் வேண்டும் என்று, கஞ்சத்தனமான காரணத்துக்காகவே என்றாலும், ஒப்புக்கொண்ட வரி அது.

மூன்றாவது, அடுப்பு. மலிவுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அரிசி விலை, பருப்பு விலை என்று பேசுவார்கள், விறகை மறந்துவிடுவார்கள். ரம்ஃபோர்டின் உண்மையான துறையே வெப்பம்தான்; பீரங்கிக் குழாயைத் துளைக்கும்போது எழும் சூட்டை வைத்து, வெப்பம் என்பது ஒரு வகை இயக்கம் என்று வாதாடியவர் அவர். திறந்த தீயில் பாத்திரத்தைத் தொங்கவிட்டு எரித்துக்கொண்டிருந்த காலத்தில், தீயைச் செங்கல்லுக்குள் அடைத்து, புகைபோக்கி வைத்து, காற்றை அளந்து விட்டு, ஆயிரம் பேருக்கு மேல் சமைக்க ஆகும் விறகைச் சொற்பமாக்கினார். ஏழை வீட்டில் பருப்பும் முழுத் தானியமும் வேகாமல் போவதற்குப் பல நேரம் எரிபொருள்தான் காரணம் என்பதை நினைத்தால், சூப்பைவிட அந்த அடுப்புதான் பெரிய விஷயமாக எனக்குப் படுகிறது. லண்டன், பாரிஸ், ஜெனீவா என்று பரவியது என்னவோ சூப்தான். பரவும்போது ஊற்றுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக்கொண்டார்கள், தண்ணீரே உணவு என்று ஒரு விஞ்ஞானியே சொல்லிவிட்டாரே.

இதே நேரத்தில் பாரிஸில் வேறொரு பைத்தியம் பிடித்திருந்தது: எலும்பு. அழுத்தக் கொதிகலனை 17ஆம் நூற்றாண்டிலேயே செய்து காட்டிய தெனி பாப்பென், எலும்பைக்கூட அதில் மென்மையாக்கிக் கூழ் எடுக்கலாம் என்று நிரூபித்திருந்தார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தார்சே என்ற வேதியியலாளர் அமிலத்தாலும் நீராவியாலும் எலும்பிலிருந்து ஜெலட்டினை மொத்தமாகப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். கசாப்புக் கடையில் வீணாய்ப் போகும் எலும்பு, அதிலிருந்து இறைச்சிக்குச் சமமான சத்து என்றால் கேட்கவா வேண்டும்? ஆஸ்பத்திரிகளிலும் தர்ம சாலைகளிலும் ஜெலட்டின் சூப் ஓடியது. சாப்பிட்டவர்கள் முகம் சுளித்தார்கள், நோயாளிகள் தேறவில்லை, மருத்துவர்கள் முணுமுணுத்தார்கள். பிரெஞ்சு அறிவியல் கழகம் ஒரு குழு போட்டது, தலைவர் உடலியல் அறிஞர் மஜெந்தி.

மஜெந்தி ஏற்கெனவே 1816இல் நாய்களுக்குச் சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் கொடுத்து, அவை ஒரு மாதத்தில் மெலிந்து செத்ததைக் காட்டியவர். ஜெலட்டினையும் நாய்களிடம்தான் சோதித்தார். நாய்கள் சில நாளில் அதைத் தொடவே மறுத்தன. பட்டினி கிடந்தாலும் கிடந்தன, தின்னவில்லை. குழு வருசக்கணக்கில் இழுத்து 1841இல் அறிக்கை கொடுத்தது: ஜெலட்டின் மட்டும் உயிரைத் தாங்காது. ஏன் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. விடை அடுத்த நூற்றாண்டில்தான் வந்தது. உடலால் தானே செய்துகொள்ள முடியாத சில அமினோ அமிலங்கள் உணவில் இருந்தே தீர வேண்டும், அவற்றில் ஒன்றான டிரிப்டோஃபேன் ஜெலட்டினில் அறவே இல்லை. பாரிஸ் ஆஸ்பத்திரி நோயாளிகளின் நாக்கும் மஜெந்தியின் நாய்களின் மூக்கும், வேதியியலைவிட அறுபது வருசம் முந்திக்கொண்டன என்று சொல்லலாம். ருசிக்காக அடம் பிடிக்கிறார்கள் என்றுதான் அன்றைக்கு எழுதினார்கள்.

அடுத்து அயர்லாந்து. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மலிவான சத்துணவைப் பற்றிய மிகப் பெரிய பாடம் அங்கே நிபுணர்கள் வருவதற்கு முன்பே இருந்தது. பஞ்சத்துக்கு முந்தைய அயர்லாந்தின் கூலி உழைப்பாளி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பவுண்டு வரை உருளைக்கிழங்கு தின்றார், கூட மோர். ஐந்து கிலோவுக்கு மேல் கிழங்கு என்றால் கேட்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால் அந்தச் சேர்க்கையில் கலோரி, புரதம், வைட்டமின் சி, சுண்ணாம்புச் சத்து என்று ஏறக்குறைய எல்லாமே இருந்தது. துண்டு நிலத்தில் ஏழை தானே கண்டுகொண்ட சாப்பாடு அது, எந்த ஆணையமும் போட்டுக் கொடுத்ததில்லை. ஒரே பயிரை நம்பிய அந்த வாழ்க்கையில் 1845இல் கருகல் நோய் விழுந்தது, பிறகு நடந்தது தெரிந்ததுதான்: சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவுக்கு ஊரை விட்டுப் போனார்கள்.

1847இல் டப்ளினுக்கு அலெக்சிஸ் சோயர் வந்து இறங்கினார். லண்டனின் ரிஃபார்ம் கிளப்பில் பிரபுக்களுக்குச் சமைத்த பிரெஞ்சுக்காரர், அன்றைய நட்சத்திர சமையல்காரர். படைமுகாம் வாசலில் மரமும் கித்தானும் கொண்டு ஒரு கொட்டகை போட்டார். நடுவே 300 காலன் கொள்ளும் கொதிகலன். நீள மேசைகளில் குழி வெட்டி நூறு கிண்ணங்கள் பதித்திருந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கரண்டி, கரண்டி சங்கிலியில் கட்டப்பட்டிருந்தது. மணி அடித்தால் நூறு பேர் உள்ளே வர வேண்டும், கிண்ணத்தில் இருப்பதைக் குடிக்க வேண்டும், ஆறு நிமிடம், மறுபடி மணி, அந்தப் பக்கமாக வெளியே. போகும்போது கையில் ஒரு துண்டு ரொட்டி. கிண்ணத்தைத் துடைத்து ஊற்றுவதற்குள் அடுத்த நூறு பேர். மணிக்கு ஆயிரம் பேருக்குப் போடலாம் என்பது அவர் கணக்கு. திறப்பு விழாவுக்குக் கனவான்களும் சீமாட்டிகளும் வந்தார்கள், தர்ம நிதிக்கு ஐந்து ஷில்லிங் கொடுத்து, பட்டினி கிடந்தவர்கள் சாப்பிடுவதை வேடிக்கை பார்த்தார்கள். இதைப் படித்த பிறகு அந்தச் சங்கிலிக் கரண்டி என் மனதை விட்டுப் போகவே இல்லை.

சரி, சூப்பில் என்ன இருந்தது? அவருடைய முதல் செய்முறை: இரண்டு காலன் தண்ணீர், கால் பவுண்டு மாட்டிறைச்சி, இரண்டு அவுன்ஸ் கொழுப்பு, இரண்டு வெங்காயம், அரை பவுண்டு மாவு, அரை பவுண்டு பார்லி, உப்பு, கொஞ்சம் பழுப்புச் சர்க்கரை. ஒரு குவார்ட்டுக்கு முக்கால் பென்னி அடக்கம். கூட்டிப் பார்த்தால், ஒரு லிட்டருக்கும் மேலான அந்த ஒரு குவார்ட் சூப்பில் முந்நூறு கலோரிகூடத் தேறாது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. அன்றைய மருத்துவர்களே இது மோசடி என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். பல மாதம் பட்டினி கிடந்த குடலுக்கு, வயிற்றுப்போக்கோடு இருப்பவர்களுக்கு, இவ்வளவு தண்ணீராகக் கொடுப்பது கெடுதல் என்று டப்ளின் மருத்துவர்கள் எச்சரித்தார்கள். சோயர் ருசி நன்றாக இருக்கிறது என்று பதில் சொன்னார். ருசி நன்றாகத்தான் இருந்திருக்கும், மனிதர் கை அப்படி.

ஆனால் சோயரை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் கதை பாதிதான். அதே வருசம் பிப்ரவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தற்காலிக நிவாரணச் சட்டம் ஒன்றைப் போட்டது. கூலி வேலை கொடுத்துக் காசு தருவதற்குப் பதிலாக, சமைத்த உணவை நேரடியாகக் கொடுப்பது என்று முடிவு. ஏன் சமைத்து? மாவாகக் கொடுத்தால் விற்றுவிடுவார்கள் என்ற சந்தேகம். மக்காச்சோளமும் அரிசியும் ஓட்ஸும் சேர்த்துக் கிண்டிய கூழ் புளித்துப்போகும், விற்க முடியாது. அவமானத்தோடு வரிசையில் நின்றுதான் வாங்கினார்கள். ஆனாலும் ஜூலை மாத வாக்கில் நாளொன்றுக்கு முப்பது லட்சம் பேருக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்தது. 1847இல், ரயில்கூடச் சரியாக இல்லாத நாட்டில் இதைச் செய்து காட்டினார்கள். சாவு குறைந்தது. செப்டம்பர் பிறந்ததும் இழுத்து மூடிவிட்டார்கள், ஏழைகளைப் பார்த்துக்கொள்வது அந்தந்த வட்டாரத்து நிலவுடைமையாளர்களின் வரியில் நடக்கட்டும் என்று. பஞ்சம் அதன் பிறகும் வருசக்கணக்கில் நீடித்தது. எப்படிச் செய்வது என்று தெரியாமல் நின்ற வேலை இல்லை அது.

மலிவான தானியம் என்றால் மக்காச்சோளத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து ஐரோப்பாவின் ஏழைகளுக்குக் கிடைத்த வரம் அது. வட இத்தாலியில் கூலிக்காரர்கள் மூன்று வேளையும் அதையே கிண்டித் தின்றார்கள். கூடவே தோல் உரிந்து, வயிறு கெட்டு, கடைசியில் புத்தி பேதலித்துச் சாகும் பெலாக்ரா நோய் வந்தது. மெக்சிகோவில் ஆயிரக்கணக்கான வருசமாக இதே சோளத்தைத் தின்றவர்களுக்கு அந்த நோய் இல்லை. அவர்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டுத்தான் அரைப்பார்கள், அப்போதுதான் அதில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடம்புக்குக் கிடைக்கும். கப்பலில் விதை வந்தது, சுண்ணாம்பு வரவில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது கொள்ளை நோய் மாதிரி பரவியபோது, கிருமிதான் காரணம் என்று எல்லோரும் தேட, ஜோசஃப் கோல்ட்பெர்கர் என்ற அரசு மருத்துவர் அனாதை விடுதிகளில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: பிள்ளைகளுக்கு வருகிறது, கவனித்துக்கொள்ளும் ஊழியர்களுக்கு வருவதில்லை. சாப்பாட்டில் பாலும் முட்டையும் சேர்த்ததும் நோய் நின்றது. அதுவும் முடியாத ஏழை வீடுகளுக்கு, பியர் வடிக்கும் ஈஸ்ட் போதும் என்று கண்டார். 1927 மிசிசிப்பி வெள்ளத்தின்போது செஞ்சிலுவைச் சங்கம் அதை மூட்டை மூட்டையாகக் கொடுத்தது. ஆனால் ஆலைக் கூலிகளின் சம்பளம்தான் நோயைத் தீர்மானிக்கிறது என்று அவரும் கூட வேலை பார்த்த பொருளாதார அறிஞர் சிடென்ஸ்ட்ரிக்கரும் எழுதியதை அந்த மாநிலத்து அரசியல்வாதிகள் ரசிக்கவில்லை. எங்கள் ஊரில் பட்டினியா என்று கோபம்.

வைட்டமின்கள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்ததும், இப்போது எல்லாம் எண்ணில் அடங்கிவிட்டதே, மிக மலிவான முழுச் சாப்பாடு எது என்று கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாமே என்ற ஆசை வந்தது. 1945இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளாதார அறிஞர் 77 உணவுகளையும் ஒன்பது சத்துகளையும் எடுத்துக்கொண்டு போட்டுப் பார்த்தார். விடை: கோதுமை மாவு, டின் பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, காய்ந்த வெள்ளை பீன்ஸ். 1939 விலையில் ஒரு வருசத்துக்கு 39 டாலர் 93 சென்ட். இரண்டு வருசம் கழித்து பல நிபந்தனைகளுக்குள் மிகக் குறைந்த செலவைக் கண்டுபிடிக்கும் கணித வழியான ஜார்ஜ் டான்ட்சிக்கின் சிம்ப்ளெக்ஸ் முறையில் அதையே சரிபார்த்தார்கள். ஒன்பது குமாஸ்தாக்கள் மேசைக் கணிப்பானை வைத்துக்கொண்டு மொத்தம் 120 ஆள்-நாள் உழைத்ததில் 39 டாலர் 69 சென்ட் என்று வந்தது. ஸ்டிக்லர் வெறும் யூகத்தில் 24 சென்ட் வித்தியாசத்துக்குள் வந்திருக்கிறார், கெட்டிக்காரர்தான். இதை யாரும் சாப்பிட வேண்டும் என்று தான் சொல்லவில்லை என்பதையும் அவரே எழுதிவிட்டார்.

டான்ட்சிக் விடவில்லை. உடம்பு இளைக்க வேண்டும் என்று தனக்கே ஓர் உணவுத் திட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். ஒரு நாளைக்கு 500 காலன் வினிகர் குடி என்றது கம்ப்யூட்டர். வினிகரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால், 200 சூப் கட்டிகள் தின்னச் சொன்னது. நாக்கு, வயிறு, சலிப்பு இதெல்லாம் சமன்பாட்டுக்குள் எழுதப்படாதவரை கம்ப்யூட்டரைக் குறை சொல்லி என்ன செய்ய. இதே கணித முறையில் இன்றைக்குக் கோழித் தீவனமும் மாட்டுத் தீவனமும் உலகம் முழுக்கக் கலக்கிறார்கள், அங்கே பிரமாதமாக வேலை செய்கிறது. கோழிக்கு வேறு கடை கிடையாது.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் லாஸ் ஏஞ்சலிஸில் கிளிஃப்போர்ட் கிளின்டன் என்று ஒருவர் இருந்தார். பொருளாதார மந்த காலத்தில், முடிந்ததைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுப் போங்கள் என்று கேன்டீன் நடத்தியவர். அவர் கலிபோர்னியாவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்து உயிர்வேதியியலாளர் ஹென்றி போர்சூக்கிடம் போய், எந்த மதத்துக்காரரும் சாப்பிடக் கூடிய, கெடாத, ஒரு வேளைக்கு மூன்று சென்ட்டுக்கு மேல் போகாத உணவு ஒன்று செய்து தாருங்கள் என்று பணம் கொடுத்தார். சோயா மாவை அடிப்படையாக வைத்து வந்ததுதான் ‘பல்நோக்கு உணவு’. 1946இல் அதற்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்கிப் பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். இரண்டு அவுன்ஸ் தூளை எதில் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். நெருக்கடி காலத்தில் நல்ல உதவிதான். ஆனால் தூளைத் தூளாகவே ஊருக்கு ஊர் அனுப்பி ஒருவரின் சாப்பாட்டுப் பழக்கமாக்குவது வேறு கதை.

அடுத்த இருபத்தைந்து வருசம் முழுக்க ‘புரதம்’ என்ற ஒற்றைச் சொல்லின் ஆட்சி. தொடக்கம் நல்ல இடத்தில்தான். 1930களில் கோல்ட் கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், வேலை பார்த்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், கால் வீங்கி, முடி செம்பட்டையாகி, சுரத்தே இல்லாமல் கிடக்கும் குழந்தைகளைப் பார்த்தார். அங்கத்து கா மொழித் தாய்மார்கள் அதற்கு வைத்திருந்த பெயர் குவாஷியோர்கர். அடுத்த பிள்ளை பிறந்ததும் தாய்ப்பாலை இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்று அர்த்தம். பெயரிலேயே காரணம் இருக்கிறது. ஆனால் சர்வதேச நிபுணர்கள் அதைப் புரதக் குறைபாடு என்று சுருக்கிக்கொண்டார்கள், பிறகு உலகம் முழுக்கவே ‘புரதப் பற்றாக்குறை’ என்றார்கள், 1968இல் ஐ.நா. அறிக்கை அதை வரப்போகும் நெருக்கடி என்றே எச்சரித்தது. மீனைக் காய்ச்சி மணமில்லாத மாவாக்கினார்கள். பெட்ரோலியப் பொருளில் ஈஸ்ட் வளர்த்துப் புரதம் எடுத்தார்கள். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கைப் பதப்படுத்தினார்கள்.

அதில் பிழைத்தது ஒன்று, இன்கப்பரினா. குவாத்தமாலாவில் நெவின் ஸ்க்ரிம்ஷா தலைமையிலான ஆய்வுக்கூடத்தில் மக்காச்சோளம், பருத்திக்கொட்டை மாவு, ஈஸ்ட், வைட்டமின் கலந்து செய்தது. அங்கே மக்கள் காலங்காலமாகக் குடிக்கும் ‘அதோலே’ என்ற சோளக் கூழ் மாதிரியே அதையும் காய்ச்சிக் குடிக்கலாம் என்று செய்திருந்தார்கள், இலவசமாக இல்லாமல் கடையில் விற்றார்கள். இன்றைக்கும் அங்கே கடைகளில் கிடைக்கிறது. அதையே வேறு நாடுகளுக்குக் கொண்டுபோனபோது பெரும்பாலும் எடுபடவில்லை. அங்கே யாருக்கும் அது ஏற்கெனவே குடித்த ருசி இல்லை.

1970களின் தொடக்கத்தில் ஐ.நா. நிபுணர் குழு மனிதனுக்குத் தேவையான புரத அளவைத் திரும்பக் கணக்கிட்டுக் குறைத்தது. பேனாவின் ஒரு கோட்டில் உலகத்தின் புரதப் பற்றாக்குறை பெரும் பகுதி காணாமல் போனது. சுகாத்மே போன்ற புள்ளியியலாளர்கள் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள்: ஏழைகள் தாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் அதே சாப்பாட்டை வயிறார உண்டாலே புரதமும் சேர்ந்துவிடும், குறைவது மொத்தச் சாப்பாடு. 1974இல் டொனால்ட் மெக்லாரன் ‘மாபெரும் புரதக் குளறுபடி’ என்று லான்செட் இதழில் எழுதி எல்லோருடைய கோபத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இத்தனை வருசமும் உதவியாகப் போன பொருள் எதுவென்று பார்த்தால் இன்னொரு கணக்கு பிடிபடும். அமெரிக்காவில் பால் மிஞ்சிக் கிடந்தபோது பால்பவுடர்தான் உலகக் குழந்தைகளுக்குச் சிறந்த உணவு. 1960களின் நடுவில் பால் கையிருப்பு குறைந்ததும் சோளம்-சோயா-பால் கலவை சிறந்த உணவாகிவிட்டது. மலிவு என்றால் யாருக்கு மலிவு என்பதை அங்கே கிடங்குதான் தீர்மானித்தது.

இதெல்லாம் கடந்துதான் 1996 வருகிறது. கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்கு அதுவரை எஃப்-100 என்ற பால் கலவை கொடுத்தார்கள். நல்ல மருந்துதான், ஆனால் சுத்தமான தண்ணீரில் கலக்க வேண்டும், சில மணி நேரத்தில் கெட்டுவிடும், அதனால் குழந்தையை வாரக்கணக்கில் முகாமில் வைத்திருக்க வேண்டும். தாய் வீட்டில் மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து உட்கார வேண்டும், பல பேர் பாதியில் போய்விடுவார்கள். பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே பிரியாங், நார்மண்டியில் நியூட்ரிசெட் நிறுவனம் நடத்திய மிஷெல் லெஸ்கானோடு சேர்ந்து, அந்தப் பால்பவுடரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு நிலக்கடலை விழுதைப் போட்டார். கடலை, எண்ணெய், சர்க்கரை, பால்பவுடர், வைட்டமின், தாதுக்கள். 92 கிராம் பொட்டலம், 500 கலோரி. ரம்ஃபோர்ட் ஒரு பெரிய கிண்ணம் நிறைய ஊற்றியது இப்போது ஒரு கைக்குள் அடங்கிவிட்டது, தண்ணீர் ஏறக்குறைய சுத்தமாக வெளியே போய்விட்டது. ஈரம் இல்லாததால் கிருமி வளராது. சமைக்க வேண்டாம், விறகு வேண்டாம், மூலையைக் கிழித்துக் குழந்தை தானே உறிஞ்சலாம். வீட்டில் வைத்தே ஆறு, எட்டு வாரத்தில் தேறும். 2005 நைஜர் பஞ்சத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பல்லாயிரம் குழந்தைகளை இப்படித் தேற்றியது, 2007இல் ஐ.நா. அமைப்புகள் கூட்டாக இந்த முறையை ஏற்றுக்கொண்டன.

குறை இல்லாமல் இல்லை. நியூட்ரிசெட் காப்புரிமையைப் பிடித்துக்கொண்டு பல வருசம் சண்டை போட்டது. ஒரு குழந்தையைத் தேற்றுவதற்கான பொட்டலங்களுக்கு நாற்பது, ஐம்பது டாலர் ஆகிறது, அதில் பால்பவுடர் பெரிய செலவு. மேலும் இது பட்டினியின் கடைசிப் படியில் நிற்கும் குழந்தைக்கான மருந்து, ஊருக்கே போடும் சாப்பாடு இல்லை. அப்படிப் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.

முகாமில் நடக்கும் ஒரு சின்ன வேலையைச் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் மேல்கையில் ஒரு நாடாவைச் சுற்றி அளப்பார்கள், 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சிவப்பு. அதற்கப்புறம் பசிச் சோதனை. அமைதியான ஓர் இடத்தில் தாய் கையைக் கழுவிவிட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறார், பொட்டலத்தைக் கிழித்து விரலில் கொஞ்சம் எடுத்து வாயருகே கொண்டுபோகிறார். பக்கத்தில் ஒரு கோப்பையில் தண்ணீர். கட்டாயப்படுத்தக் கூடாது, மூக்கைப் பிடித்துத் திணிக்கக் கூடாது, அரை மணி நேரம் வரை காத்திருக்கலாம். குழந்தை நக்கிப் பார்த்து வாயைத் திறந்தால், பொட்டலங்களைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால், உள்ளே வேறு ஏதோ கெட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள்.